55 அங்குலமா, 43 அங்குலமா? ஒன்றரை இலட்சத்துக்குள் ஒரு ரிவி

பாலையூற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"போன ஐப்பசி இடியில் எங்கள் 32 அங்குல ரிவி போய்விட்டது. கையில் ஒன்றரை இலட்சம் ரூபா இருக்கிறது, அதற்கு மேல் கடன்பட விருப்பமில்லை. இவருக்குக் கிரிக்கெட்டும் புட்போலும் வேண்டும். மகளுக்கு நெட்ஃபிளிக்ஸ், யூடியூப். மகனிடம் அவனுடைய மாமா கொடுத்த பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. 120 ஹேர்ட்ஸும் (திரையின் வேகம்) எச்டிஎம்ஐ 2.1உம் (வெளிப் பெட்டிகளைச் செருகும் துளையின் ஒரு வகை) இல்லாத ரிவி வேண்டவே வேண்டாம் என்கிறான். ஒரு கடையில் நான் பெயரே கேள்விப்படாத 55 அங்குல ரிவி காட்டினார்கள். இன்னொரு கடையில் எல்லோருக்கும் தெரிந்த கம்பனியின் 43 அங்குலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எங்கள் முன்னறையில் சுவருக்கும் கதிரைக்கும் இடையில் ஏழரை அடி. கிழக்கே பெரிய ஜன்னல். எதை எடுப்பது அண்ணா?"

தங்கச்சி, 43 அங்குலத்தை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். சரியென்று பட்டால் மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இருபத்தாறு வருடமாகத் திருகோணமலையில் ரிவி திருத்துகிறேன். சென்ற வருடம் குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு 55 அங்குல ரிவி என் மேசைக்கு வந்தது. வரண்டி பன்னிரண்டு மாதம், வாங்கிப் பதினான்கு மாதம். சத்தம் வருகிறது, படம் இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் குறையில்லை, பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் செத்துவிட்டது. நானும் பெடியனும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கித் துணி விரித்து வைத்தோம். அந்தக் கண்ணாடி அவ்வளவு மெல்லியது, ஒரு மூலை வளைந்தாலே போச்சு. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்கள், தாள்களுக்குக் கீழே எல்இடி பட்டிகள். ஒவ்வொரு எல்இடிக்கும் மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். இரண்டு வில்லைகள் சூட்டில் பழுப்பேறி, கீழே எல்இடி கருகிக் கிடந்தது. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பல்ப் மாலை மாதிரித்தான் இவையும், ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும்.

அந்த 55 அங்குல ரிவியில் எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அவ்வளவு பெரிய பரப்புக்குப் போட்டிருந்த பட்டிகள் மிகக் குறைவு. குறைந்த எல்இடிகளுக்குக் கூடுதல் கறன்ட் கொடுத்து வெளிச்சத்தை எடுத்திருந்தார்கள். அது சூடாகும், கெதியில் கருகும். ஒரே விலையில் 12 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், அந்தக் காசைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத ரிவி என்றால் அதே அளவில் பட்டி தேடிப் பிடிப்பதும் பெரும்பாடு. அந்த வீட்டாருக்கு மூன்று கிழமை ரிவி இல்லை.

இனி அளவைப் பார்ப்போம். 43 அங்குல ரிவியின் திரை ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர் அகலம், 54 உயரம். 55 அங்குலம் என்றால் 122 அகலம், 69 உயரம். பழைய பேப்பரை ஒட்டி இந்த இரண்டு அளவிலும் வெட்டிச் சுவரில் பசைப்பட்டியால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். ஏழரை அடியில் 43 உங்களுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியலாம், அதை மறைக்கவில்லை. மட்ச் நாளில் கதிரையை ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்தால் தீர்ந்தது. நேற்றுவரை 32 அங்குலத்தில் பார்த்த கண்ணுக்கு இது பெரிய மாற்றம்தான். சித்திரைப் புத்தாண்டு, நத்தார் காலங்களில் கடைகள் விலை குறைக்கும்போது அதே கம்பனியின் 50 அங்குலம் உங்கள் கைக்காசுக்குள் வந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். பெயர் தெரியாத 55 மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் ரிவி அதிக நேரம் ஓடப்போவது மட்ச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே மட்ச்சுக்கு நல்ல திரையா என்று பார்த்து வாங்குங்கள், மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் வரும். கடையில் ஓடவிடும் வீடியோவில் மலர், மீன், பளபளக்கும் நகரம் எல்லாம் இருக்கும். அதில் எந்த ரிவியும் அழகாகத்தான் தெரியும். நீங்கள் ஒரு பென் ட்ரைவில் மூன்று விஷயங்களைக் கொண்டுபோங்கள்: திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருக்கும் ஒரு படம், கமரா வேகமாகப் பக்கவாட்டில் நகரும் ஒரு புட்போல் வீடியோ, ஏதாவதொரு சினிமாவின் இருட்டான இரவுக் காட்சி.

சாம்பல் படத்தைப் போட்டுப் பாருங்கள். மோசமான திரையில் அழுக்குத் துணியால் துடைத்தது போல மேகமேகமாகத் திட்டுகள் தெரியும், மேலிருந்து கீழாகக் கோடுகளும் தெரியலாம். சினிமா பார்க்கும்போது இது கண்ணில் படாது. ஆனால் புட்போலில் திரையின் முக்கால்வாசி பச்சைப் புல். பந்தைத் தொடர்ந்து கமரா ஓடும்போது புல் நகரும், திட்டு நகராமல் அங்கேயே நிற்கும். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு அதைக் காணாமல் இருக்க முடியாது. அதனால் ஒரே மாடலில் இரண்டு பெட்டி இருந்தால் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் முகம் சுழித்தாலும் கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், திரைக்கு நேரே மட்டும் நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். நிறம் வெளிறிப் போகிறதா? எல்சிடி திரைகளில் இரண்டு பெரும் வகை உண்டு. ஐபிஎஸ் வகை பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் படம் வெளிறும். இறுதிப்போட்டிக்கு அயலெல்லாம் உங்கள் முன்னறையில் கூடி இருபக்கமும் இருந்து பார்ப்பார்கள் என்றால் ஐபிஎஸ் நல்லது. இரவில் விளக்கை அணைத்து நேரே இருந்து பார்ப்பதுதான் வழக்கம் என்றால் விஏ. கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ரிவியை மாட்டாதீர்கள், காலையில் திரையில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

இனி அந்த 120 ஹேர்ட்ஸ். ஒரு செக்கனுக்குத் திரை எத்தனை முறை புதிய படம் காட்டுகிறது என்பதுதான் இந்தக் கணக்கு. இந்த விலையில் கிடைக்கும் ரிவிகளில் பெரும்பாலானவை 60 ஹேர்ட்ஸ்தான். பெட்டியில் "மோஷன் 120" என்றோ வேறு பெயரிலோ எழுதியிருப்பார்கள். அது திரையின் உண்மையான வேகம் இல்லை, இரண்டு படங்களுக்கு நடுவில் ரிவி தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகும் வித்தைக்கு வைத்த பெயர். மாடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் திரையின் வேகம் என்னவென்று பாருங்கள், உண்மை அங்கே இருக்கும். இந்த வித்தையை மட்ச்சில் கூட்டி வைத்தால் ஒரு கேடு உண்டு. துடுப்பின் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப் பக்கம் போகும், பின்னால் சனக்கூட்டம். ரிவி அந்தப் பந்தையும் கூட்டத்தையும் பிரித்தறிய முடியாமல் பந்தையே ஒரு கணம் அழித்துவிடும். அதனால் அந்த செட்டிங்கைக் குறைந்த அளவில் வையுங்கள், இல்லை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு செட்டிங்கைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டில் ஒளிபரப்பு 50 ஹேர்ட்ஸ் முறையில் வருகிறது. டிஷ் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வந்தால் ரிவி தன் வேகத்தை 50க்கு மாற்றிக்கொள்ளும், படம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதே மட்ச்சை ரிவிக்குள் இருக்கும் அப்ளிகேஷனில் பார்த்தால் திரை 60இலேயே நிற்கக்கூடும். அப்போது ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒரு படத்தை இரண்டு தடவை காட்ட வேண்டிவரும், செக்கனுக்குப் பத்துத் தடவை சிறு உதறல். கமரா நகரும்போது கண்ணுக்குத் தெரியும். கூகிள் ரிவி என்ற மென்பொருள் உள்ள ரிவிகளில் டிஸ்ப்ளே செட்டிங்கில் வீடியோவின் வேகத்துக்கு ஏற்ப மாறும்படி வைக்கலாம். வாங்கும் ரிவியில் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

மகனுக்கு நான் சொல்வது இதுதான்: தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் அது வேறொரு மெஷினுக்கான கேள்வி. பிளேஸ்டேஷன் 4இன் சாதாரண மாடல் வெளியே அனுப்புவது 1080பி, அதாவது முழு எச்டி தரம், செக்கனுக்கு 60 படம். அதற்கு எச்டிஎம்ஐ 2.1 எந்த வேலையும் செய்யாது. நாளைக்கு பிளேஸ்டேஷன் 5 வந்தாலும் எச்டிஎம்ஐ 2.0 துளையில் 4கே (அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள்), 60 படம் நன்றாக ஓடும். 4கேயில் 120 படம் வேண்டுமென்றால்தான் 2.1 வேண்டும், கூடவே உண்மையான 120 ஹேர்ட்ஸ் திரையும் வேண்டும். இரண்டையும் சேர்த்து நல்ல கம்பனியில் எடுக்க அம்மாவின் கைக்காசு போதாது. உனக்கு உண்மையில் முக்கியமானது பொத்தானை அழுத்தியதும் திரையில் எவ்வளவு விரைவாகத் தெரிகிறது என்பது. ரிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அங்கே தடங்கல். கேம் மோட் போட்டால் அந்த வேலைகளை விட்டுவிட்டுப் படத்தை உடனே காட்டும். கடைக்கு உன் பிளேஸ்டேஷனையும் கொண்டுபோ. கேம் மோட் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை விளையாடிப் பார். உன் கைக்கே தெரியும். வீட்டில் அந்த ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் கேம் மோட்டை வை, இல்லாவிட்டால் அப்பா மட்ச் பார்க்கும்போது படம் வெளிறியிருக்கிறது என்பார்.

மகளின் பங்குக்கு வருகிறேன். ஸ்மார்ட் ரிவி என்று எழுதியதெல்லாம் ஒன்றில்லை. மலிவு ரிவிகள் சிலவற்றில் இருப்பது போனுக்கான அன்ட்ரொயிட்டை அப்படியே தூக்கிப் போட்டது. கூகிளின் அங்கீகாரமோ நெட்ஃபிளிக்ஸின் அங்கீகாரமோ இருக்காது. நெட்ஃபிளிக்ஸ் திறக்காது, திறந்தாலும் தெளிவில்லாத படம்தான் வரும். ரிமோட்டில் பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கடையிலேயே திறந்து ஒரு காட்சியை ஓடவிடுங்கள். நான்கு வருடத்தில் இந்த ஸ்மார்ட் பகுதி மெதுவாகும், அது எல்லா ரிவிக்கும் வரும் வயது. அப்போது ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும். திரையை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் திரைக்குக் காசைப் போடச் சொல்கிறேன்.

டேட்டாவைக் கொஞ்சம் கவனியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கேயில் 7 ஜிபி வரை. 4கே வேண்டுமென்றால் அவர்களுடைய விலை கூடிய பக்கேஜும் வேண்டும், செக்கனுக்கு 15 மெகாபிட் வேகமும் வேண்டும். மாத அளவு வைத்த இணைப்பு என்றால் கணக்கின் செட்டிங்கில் தரத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். 43 அங்குலத்தில் ஏழரை அடியிலிருந்து பார்க்கும்போது எச்டிக்கும் 4கேக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மட்ச்சை இன்ரநெற்றில் மட்டும் பார்க்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். பார்க்கலாம், ஆனால் அது டிஷ்ஷை விட அரை நிமிடமளவு பிந்தி வரும். பக்கத்து வீட்டில் விக்கெட் சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் உங்கள் வீட்டில் பந்து போடப்படும். டிஷ்ஷுக்கோ வேறு குறை. மாரியில் கடும் மழை கொட்டும்போது சிக்னல் கரைந்து படம் நின்றுவிடும். ஃபைபர் வழியாக வரும் பியோ ரிவி போன்ற சேவைக்கு அந்த மழைத் தொல்லை இல்லை. உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

சத்தத்துக்குத் தனியாக இப்போது செலவழிக்க வேண்டாம். வீட்டில் பழைய செட் ஏதும் இருந்தால் அதில் இணைக்கலாம்.

இனி இடி. உங்கள் பழைய ரிவியைக் கொன்றது அதுதான், புதியதையும் கொல்லக்கூடியது அதுதான். ஒன்றரை இலட்சத்தில் ஒரு பத்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரிவி செருகும் பிளக்குக்கு ஏர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நான் போய்ப் பார்த்த பழைய வீடுகள் பலவற்றில் அந்த மூன்றாவது வயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஏர்த் இல்லாவிட்டால், அந்தக் காசில் நீங்கள் வாங்கும் சேர்ஜ் புரொடெக்டரால் (திடீரெனப் பாயும் கூடுதல் மின்னைத் தடுக்கும் கருவி) முழுப் பலன் கிடைக்காது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஆளைக் காப்பாற்ற வைத்தது, இடியின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஸ்ரெபிலைசரும் தேவையில்லை. ரிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் கறன்ட் குறைந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. என்னிடம் வந்த இடி விழுந்த ரிவிகளில் நிறைய, பிளக்கைக் கழற்றிவிட்டு அன்ரனா வயரை அப்படியே விட்டவை. கூரையில் நிற்கும் அன்ரனாவும் டிஷ்ஷும்தான் இடி வரும் வாசல். எச்டிஎம்ஐ துளையருகே போர்டு கறுத்துப் போயிருந்தால் டிஷ் பெட்டி வழியாக வந்தது என்று விளங்கும். ஆகவே அன்ரனா வயர், டிஷ் பெட்டியின் எச்டிஎம்ஐ, பிளேஸ்டேஷனின் எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஃபைபர் கம்பி கண்ணாடியால் ஆனது, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இடி ரவுட்டரின் அடப்டர் வழியாக வந்து லான் வயரில் ரிவிக்குப் போகலாம். அதனால் ரவுட்டரையும் கழற்றுங்கள்.

உப்புக்காற்று நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் வரும் விருந்தாளி. திருக்கடலூர், நிலாவெளிப் பக்கத்து ரிவிகளின் உள்ளே செம்பில் பச்சை பூத்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். ஜன்னல் காற்று நேரே அடிக்கும் இடத்தில் ரிவியை வைக்காதீர்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீட்டு ரிவிதான் கெதியில் கெடும். தினமும் ஓடினால் உள்ளே இருக்கும் சூட்டில் ஈரம் தங்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே பிக்சர் மோடை "விவிட்" என்பதிலிருந்து "ஸ்டாண்டர்ட்" அல்லது "சினிமா"வுக்கு மாற்றுங்கள். பேக்லைட் (திரைக்குப் பின்னால் உள்ள வெளிச்சம்) 100இல் இருக்கும், அதை 60, 70 அளவுக்குக் குறையுங்கள். அந்தக் கருகிய எல்இடிகளை நினைத்துப் பாருங்கள். பேக்லைட்டைக் குறைத்தால் அவற்றின் ஆயுள் கூடும். ஷார்ப்னஸைக் குறைத்தால் புல்லும் இயற்கையாகத் தெரியும்.

வாங்கும்போது வரண்டி யாருடையது என்று கேளுங்கள். கம்பனியின் இலங்கை முகவருடையதா, கடையினுடையதா? பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, இல்லை நீங்கள் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அதை பில்லில் எழுதி முத்திரை வாங்குங்கள், மாடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் அதே பில்லில் இருக்கட்டும். வரண்டியை மதிக்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், அப்போது அந்த பில்தான் பேசும். இடியும் உடைந்த திரையும் பொதுவாக வரண்டிக்குள் அடங்காது. திரை உடைந்தால் மாற்றும் செலவு புது ரிவி விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் கடையிலேயே பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ரிவியைப் படுக்க வைக்கவே கூடாது, நிமிர்த்தியே பிடித்து வரவேண்டும். ஓட்டோவில் நிமிர்ந்து நிற்காவிட்டால் கடையின் வாகனத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் வரண்டி முடியும்வரை எறியாமல் வையுங்கள், திருத்த அனுப்ப நேர்ந்தால் அதில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

அந்த 43 அங்குல ரிவியின் மாடல் இலக்கத்தை எழுதி அனுப்புங்கள் தங்கச்சி. எந்த வகைத் திரை, 50 ஹேர்ட்ஸுக்கு மாறுமா, பட்டி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.